அஞ்சடி வைத்த லோரி

நாடு சுதந்திரம், எங்கள் பேச்சில் மெர்டேக்கா, அடையப்போகிறது என்று தெரிந்ததும் மலாக்காவில் ஆளுக்கோர் ஆசை முளைத்தது. சிலர் மந்திரியாக ஆசைப்பட்டார்கள். சிலர் மந்திரிக்கு மாலை போட ஆசைப்பட்டார்கள். காஜா பெராங் தெரு அப்பாசாமி, லோரியில் தோசை சுட்டு விற்க ஆசைப்பட்டார். மூன்றில் இதுதான் சுலபம் என்று யாருக்கும் தோன்றும். அதே தெருவில் இருந்த எனக்கும் தோன்றியது. நகரும் உணவுக்கடைகள் ஒழுங்கு வாரியம் என்று ஒன்று இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

அப்பாசாமிக்கு இந்த ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதன் பெயர் கலியாணசுந்தரம். மனைவி ருக்மணியின் அண்ணன். சிரம்பானில் ‘கலியாண விலாஸ்’ என்று சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் அப்பாசாமி அங்கே கொஞ்ச காலம் மேசை துடைத்தார். கலியாணசுந்தரம் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். அங்கே இருந்தபடியே ஆள்காட்டி விரலை நீட்டி, கடையில் இருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, “மாப்ள, அந்த ஓரத்துல இன்னும் ஈரம் இருக்கு பாருங்க” என்பார். உறவுமுறை தவறாது, மரியாதை குறையாது, மானம் மட்டும் போகும். ஒருநாள் அப்பாசாமி துணியை அந்த ஓரத்திலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். அண்ணியின் சமையலறையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த ருக்மணியும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பிறகு அவர் தூரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டம் புது லோரி வாங்கியபோது பழையதை ஏலத்தில் எடுத்து, பால் தொட்டியைக் கழற்றி, பலகை அடித்து, தோசைக்கல்லும் கோப்பி அடுப்பும் வைத்து, பக்கத்தில் பெரிய ஜன்னல் ஒன்று வெட்டினார். எவ்வளவு கழுவியும் ரப்பர் வாடை போகவில்லை. அப்பாசாமியின் தோசையைக் கீழே போட்டால் துள்ளும் என்று தெருவில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள்தான் முதலில் தட்டை நீட்டினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லோரிக்குப் பூசை போட்ட அன்று கலியாணசுந்தரம் சிரம்பானிலிருந்து வந்திருந்தார். லோரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று பேசினார்.

“மாப்ள, மெர்டேக்கா வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஒழுங்கா லைசன் எடுத்து யாவாரம் ஆரம்பிச்சிருக்கணும். இல்லன்னா நானே வந்து ரெண்டு பேரையும் சிரம்பானுக்கு ஏத்திட்டுப் போயிடுவேன். துணி அங்கதான் காஞ்சிக்கிட்டுக் கெடக்கு.”

“சரி மச்சான். மெர்டேக்காவுக்குள்ள லைசன் இல்லன்னா நானே வந்து துடைக்கிறேன்” என்று அப்பாசாமி சொல்லிவிட்டார். ரோசம் வந்தால் அவருக்கு வாய் முந்திக்கொள்ளும். பக்கத்தில் நின்ற ருக்மணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலேயே நல்ல கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் வந்து தோசை வாங்கிச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். சட்னி நன்றாயிருக்கிறது என்றார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்ட பிறகு, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து லோரியை அளக்க ஆரம்பித்தார்.

“நான் கணேசமூர்த்தி. வாரியத்து இன்ஸ்பெக்டர். லைசன் இல்லாம விக்கக் கூடாது, தெரியுமா?”

“சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஐயா.”

“விக்கிறீங்கன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது? வாங்கிப் பாத்தாத்தானே தெரியும்” என்றார் கணேசமூர்த்தி. நியாயமான மனிதர்.

வாரியத்தின் அலுவலகம் காஜா பெராங்கிலேயே ஒரு மாடியில் இருந்தது. கீழே பிணப்பெட்டி செய்கிற சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடை. மேலேயும் சரி, கீழேயும் சரி, வருகிறவர்கள் அவசரப்படுத்துவதை யாரும் விரும்புவதில்லை. நாட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் ஒழுங்கையும் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரத் துரைக்குத் தோன்றி, அவர் உண்டாக்கியதுதான் இந்த வாரியம். தானே உட்கார்ந்து விதிப்புத்தகம் எழுதினார். நாலு சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வாகனத்தில் சாப்பாடு விற்கிறவர்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். தள்ளுவண்டியில் மீ நூடுல்ஸ் விற்பவரும், சைக்கிளில் ரொட்டி விற்பவரும், தோளில் கம்பு போட்டுச் சுட்ட இறைச்சிச் சாத்தே சுமப்பவரும் அதில் சிக்கவில்லை. விதியைத் திருத்தும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட துரை, பினாங்கில் கப்பல் ஏறிவிட்டார்.

மிஞ்சியிருந்தவர் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, பொன்னுதுரை. யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்து, அரசாங்க மேசைகளிலேயே தலை நரைத்தவர். விதிப்புத்தகம் மூடியிருக்கும்போது மிக நல்ல மனிதர். அப்பாசாமி போன நேரத்தில் அது திறந்திருந்தது.

“இஞ்ச பாரும் அப்பாசாமி. உம்மட இது கடையோ, வாகனமோ?”

“லோரியில கடைங்க.”

“அது மறுமொழி இல்லை. கடை எண்டால் அசையக் கூடாது. வாகனம் எண்டால் ஒரே இடத்தில நிக்கக் கூடாது. உம்மட லோரி என்ன செய்யும்?”

“கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்குங்க.”

பொன்னுதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அப்ப நீர் ரெண்டு குற்றத்தையும் மாறி மாறிச் செய்யப் போறீர். அதை என்ர முகத்துக்கு நேர சொல்லவும் செய்யிறீர்.”

அப்பாசாமி மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. கேட்டது நல்லதாயிற்று, மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. கடைக்கு உரிய விதிகள் எல்லாமும், வாகனத்துக்கு உரிய விதிகள் எல்லாமும் அந்த லோரிக்குப் பொருந்தும் என்று பொன்னுதுரை தீர்ப்புச் சொன்னார். மனு பரிசீலனையில் இருக்கும்வரை லோரியில் சமைக்கலாம், விற்கக் கூடாது. வாகனம் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் குருபோங்குக்கோ இந்தப் பக்கம் உஜோங் பாசிருக்கோ போய்விட்டு வரலாம் என்ற நினைப்பே கூடாது. இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம் என்பதால், பகல் முழுவதும் மனுதாரர் வாகனத்தை விட்டு நகரவும் கூடாது.

“விக்காம எதுக்குங்க சமைக்கிறது?” என்று அப்பாசாமி கேட்டார்.

“பரிசோதனைக்கு” என்றார் பொன்னுதுரை. அன்றிலிருந்து வாரியத்தார் எல்லோரும் தினமும் காலையில் லோரிக்கு வந்து பரிசோதித்தார்கள். பரிசோதனை முடிந்ததும் கோப்பி கேட்டார்கள். ருக்மணி வீட்டில் மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றதில்தான் அடுப்பு எரிந்தது.

முதலில் கதவு எண் கேட்டார்கள். கடை என்றால் எண் வேண்டும் அல்லவா? பிணப்பெட்டிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நின்ற லோரிக்கு ஓர் எண் கொடுத்தார்கள். வேறு தெருவுக்கு ஓட்டிப் போனால் எண் மாறுமா என்று அப்பாசாமி கேட்டார். எண் மாறாது, தெரு மாறக் கூடாது என்று பதில் வந்தது.

அடுத்துத்தான் அஞ்சடி வந்தது. நம் ஊரில் கடை என்றால் முன்பக்கம் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை விட்டாகவேண்டும். வெயிலுக்கும் மழைக்கும் சனங்கள் அதில் நடப்பார்கள். பேச்சில் அதற்கு அஞ்சடி என்று பெயர். கணேசமூர்த்தி லோரியின் முன்னால் நின்று நாடாவை நீட்டினார். நீட்டிய இடத்தில் தெருதான் இருந்தது.

“அஞ்சடி எங்க?”

“லோரிக்கு எதுக்குங்க அஞ்சடி?”

“லோரிக்கு வேணாம். கடைக்கு வேணும்ல?”

அப்பாசாமி தச்சரைக் கூப்பிட்டு, லோரியின் பக்கத்தில் ஐந்தடி அகலத்துக்குப் பலகை அடித்தார். மேலே தகரம் போட்டு, நாலு தூண் நிறுத்தி, கீழே சின்னதாக இரண்டு சக்கரம் வைத்துப் பலகையைத் தாங்கினார். ஓட்டும்போது மடித்துக்கொள்ளச் சங்கிலியும் வைத்தார். கணேசமூர்த்தி சங்கிலியைப் பார்த்துப் பதறிப்போனார். அஞ்சடி பொதுமக்களின் உரிமை, அதை ஒருநாளும் மடிக்கக் கூடாது என்று சங்கிலியை அவரே கழற்றிக்கொண்டு போனார். மறுநாள் திரும்பி வந்து, சக்கரம் இருப்பதாலும் லோரி இழுப்பதாலும் அஞ்சடி ஓர் இழுவை வண்டி ஆகிவிட்டது, அதற்குத் தனிப் பதிவும் தனி நம்பர் பலகையும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும் என்றார். தன் வாழ்க்கையில் நம்பர் பலகை வைத்த நடைபாதையை அப்பாசாமி பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இப்போது இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

காஜா பெராங்காரர்கள் பெருந்தன்மையானவர்கள். ஓர் அஞ்சடி புதிதாக வந்திருக்கிறது என்றால் அதைச் சும்மா விட மாட்டார்கள். இரண்டு கிழவர்கள் அதில் டாம் பலகை விரித்துக் காய் நகர்த்த உட்கார்ந்துவிட்டார்கள். குடை தைக்கிறவர் ஒருவர் தூணில் தன் பெயரை எழுதினார். ஓர் ஆடு வந்து படுத்தது. நடக்க இடம் இல்லாமல் போனதும், அது உண்மையான அஞ்சடிதான் என்று கணேசமூர்த்திக்கே நம்பிக்கை வந்தது.

ஆனாலும் பரிசோதனை பரிசோதனைதான். கடை திறந்திருக்கும்போது அஞ்சடியில் பாதசாரி தடையின்றி நடக்க முடியவேண்டும் என்று ஒரு விதி. இந்தக் கடை ஓடுகிற கடை என்பதால், ஓடும்போதும் நடக்க முடியவேண்டும் என்று பொன்னுதுரை விளக்கம் சொன்னார். நடந்து பார்க்கிற பொறுப்பைக் கணேசமூர்த்தியே ஏற்றுக்கொண்டார்.

லோரி கிளம்பியது. கிழவர்கள் ஆட்டம் முடியாமல் இறங்க மாட்டோம் என்றார்கள். ஆட்டை யாரும் கேட்கவில்லை. அப்பாசாமி மெதுவாக ஓட்ட, கணேசமூர்த்தி அஞ்சடியில் முன்னும் பின்னும் நடந்தார். ஆட்டைத் தாண்டினார், கிழவர்களைச் சுற்றினார், தூணைப் பிடித்துத் திரும்பினார். அகலத்தில் பாதித் தெரு போய்விட்டதால் எதிரே வந்த மாட்டுவண்டிகள் எல்லாம் ஒதுங்கின. திரங்கேரா வரைக்கும் அவர் நடந்தே போனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே ஒரு திருப்பத்தில் லோரி திரும்பியது, கணேசமூர்த்தி திரும்பவில்லை. லோங்கானில் விழுந்தார். அது நல்ல ஆழமான சாக்கடை.

கிழவர்களும் ஆடும் அப்படியே இருந்தார்கள். சேற்றோடு எழுந்து வந்த கணேசமூர்த்தி கொஞ்சமும் தயங்காமல் அறிக்கை எழுதினார். அஞ்சடி திருப்திகரமாக உள்ளது, குறை சாலையின் பேரில்தான் என்று இருந்தது அதில். கடமை என்று வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது.

“முடிஞ்சுதுங்களா?” என்று அப்பாசாமி ஆசையோடு கேட்டார். மெர்டேக்கா நெருங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் கொடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“கடைப் பரிசோதனை முடிஞ்சுது. இனி வாகனப் பரிசோதனை” என்றார் பொன்னுதுரை. வாகனம் என்றால் மேட்டில் நிற்கவேண்டும். சமையல் வாகனம் என்றால் மேட்டில் நின்றபடி சமைக்கவேண்டும்.

ஆகவே எல்லோரும் புக்கிட் சீனாவுக்குப் போனார்கள். சீனர் இடுகாடு இருக்கிற அந்தக் குன்றின் சரிவில் லோரியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ருக்மணி அடுப்பை மூட்டினாள். பொன்னுதுரை குடை பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு நேரே நின்றார். ருக்மணி மாவை ஊற்றினாள். மாவு வட்டமாகப் பரவ மறுத்து, சரிவுப் பக்கமாக நீண்டு ஓடியது. மேலே குறுகல், நடுவில் ஒரு பக்கம் கொஞ்சம் தொப்பை, கீழே போகப் போக ஒடுங்கி ஒரு முனை.

வாரியத்தார் எல்லோரும் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஐயா, இது நம்ம மலேயா மாதிரி இல்ல?” என்றார் கணேசமூர்த்தி.

பொன்னுதுரை குடையை மடக்கினார். “மலேயாவேதான். இஞ்ச பார், கிளந்தான் மாநிலம் முறுகிப் போச்சு.”

ருக்மணி அதைத் தோசைக்கரண்டியால் மடிக்கப் போனாள். பொன்னுதுரை இரண்டு கையையும் தூக்கினார். “பொறு பிள்ளை! மடிக்காதே! நாடு சுதந்திரம் அடையிற நேரத்தில அதை ரெண்டாய் மடிச்சுச் சட்னியில தோய்க்கிறதோ? ஆராவது பாத்தால் என்ர பென்சன் என்னாகும்?”

“ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காதுங்க, ஐயா” என்றாள் ருக்மணி.

தோசையைத் தின்னவும் முடியாது, எறியவும் முடியாது. கடைசியில் அது ஆதாரம் என்று முடிவாகி, மனுவோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக் கட்டப்பட்டது. இரவோடு இரவாக எறும்பு வந்து பேராக்கில் ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் ஜொகூரைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. மிஞ்சியதையும் ஒரு பல்லி கவனித்துக்கொண்டது. ஆதாரம் அழிந்துவிட்டதால் பரிசோதனையை மறுபடி நடத்தவேண்டும் என்று அப்பாசாமிக்கு அறிவிப்பு வந்தது.

அப்போதுதான் அப்பாசாமி உடைந்துபோனார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அஞ்சடியில் கிழவர்களுக்கும் ஆட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கையில் சிரம்பானிலிருந்து வந்த கடிதம். மெர்டேக்காவுக்கு முதல்நாள் புதுக் காரில் வருகிறேன், மூட்டை முடிச்சைக் கட்டி வையுங்கள், மலாக்கா சொந்தக்காரர்களுக்கு லட்டும் முறுக்கும் டின் டின்னாகக் கொண்டுவருகிறேன் என்று கலியாணசுந்தரம் எழுதியிருந்தார்.

“ருக்கு, துணியை எடுத்துட வேண்டியதுதான்” என்றார் அப்பாசாமி.

ருக்மணி அடுப்புப் பக்கம் போனாள். நல்ல டிகாக்ஷனாக இறக்கி, கோப்பி கலந்து, பரிசோதனைக்கு வந்திருந்த பொன்னுதுரைக்கு நீட்டினாள். விதிப்புத்தகம் மேலே மாடியில் இருந்தது. அது பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பேசினாள்.

“ஐயா, கோவிச்சிக்கக் கூடாது. எங்க லைசன் வருமா வராதா? வராதுன்னாலும் சொல்லிடுங்க, பொலே, பரவால்ல. நாங்க எங்க வழியப் பாத்துக்குறோம்.”

பொன்னுதுரை கோப்பியை ஒரு வாய் குடித்தார். முகம் இளகியது. “உண்மையைச் சொல்லுறன் பிள்ளை, வெளியில சொல்லிப்போடாதே. இந்த வாரியத்துக்கு வந்திருக்கிற மனு உங்கட ஒண்டுதான். நாலு சில்லு வாகனத்தில சாப்பாடு விக்கிற ஆள் மலாக்காவில வேற ஆரும் இல்லை. நான் ஓம் எண்டு சாப்பு முத்திரை குத்தினால் மனு முடிஞ்சுது. இல்லை எண்டு குத்தினாலும் முடிஞ்சுது. அடுத்த நாள் கோலாலம்பூரில இருந்து கேப்பாங்கள், பொன்னுதுரை, உங்களிட்ட என்ன வேலை இருக்கு எண்டு. நாங்கள் என்ன மறுமொழி சொல்லுறது? புது அரசாங்கம் வரேக்க எங்கட மேசையில ஒரு மனுவாவது உயிரோட இருக்க வேணும். உன்ர புருசன்ர மனுதான் எங்கட வாரியத்தின்ர முதுகெலும்பு. அதை எப்பிடியம்மா நான் முறிக்கிறது?”

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கியது. உண்மையிலேயே கலங்கியது. அரசாங்கத்தில் இத்தனை வருசம் இருந்தவர். இந்த அளவுக்கு மனம் திறந்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“அப்ப, வேற ஒரு மனு வந்தா?” என்று ருக்மணி கேட்டாள்.

“வந்தால் உங்கட மனுவுக்கு அந்த நிமிசமே சாப்பு. ஆனால் வர வேணுமே பிள்ளை? இந்த விசர் வேலைக்கு நாலு சில்லோட வேற ஆர் வருவினம்?”

ருக்மணி, கணவன் கையில் இருந்த கடிதத்தை வாங்கி மறுபடியும் ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு கோப்பி போட்டாள். இந்தத் தடவை தனக்கு.

மெர்டேக்காவுக்கு முதல்நாள் காலையில் கலியாணசுந்தரத்தின் கார் வந்து நின்றது. பளபளவென்று கறுப்புக் கார். சிரம்பானிலிருந்து வழியெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தாரோ என்னவோ, தூசி இல்லை. அவர் இறங்கி, அஞ்சடியையும், ஆட்டையும், நம்பர் பலகையையும் பார்த்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து சிரித்தார்.

“மாப்ள, ஒரு லைசன் எடுக்கத் துப்பு இல்லாம லோரிக்குத் தாழ்வாரம் கட்டி வச்சிருக்கீங்களே! கெளம்புங்க, கெளம்புங்க.”

அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கப் போனார். ருக்மணி நடுவில் வந்து நின்றாள்.

“இருங்கண்ணே. பின்னாடி டின்னுல என்ன, லட்டா?”

“லட்டு, முறுக்கு. நம்ம சொந்தக்காரங்களுக்கு.”

“சொந்தக்காரங்க பாதிப் பேரு ஊர்லயே இல்ல. நாளைக்கு எல்லாத் தோட்டத்துச் சனமும் டவுனுக்கு வருது. காரத் தெறந்து வச்சா ஒரு மணி நேரத்துல வித்துடும். ஆனா வேணாம்ணே, லைசன் வேணும். அது சூசா, ரொம்பக் கஷ்டம். ஒங்களால முடியாது.”

கலியாணசுந்தரம் டின்னைப் பார்த்தார். தெருவில் போகிற கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாகத் தங்கையைப் பார்த்தார்.

“என்னால முடியாதா?”

“இவரே இவ்ளோ நாளா அலையுறாருண்ணே. நீங்க சிரம்பான்காரரு. இங்க ஆள் தெரியாது. விடுங்க, அண்ணி காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“ஏய், நான் கலியாண விலாஸ் மொதலாளி! டவுன் போர்டு ஆளுங்க எல்லாம் என் கடையிலதான் பசியாறுறாங்க. ஒரு லைசனா எனக்குப் பெருசு? எங்க ஆப்பீசு? மாப்ள, பெட்டிய கீழ வைங்க. லைசன் எப்படி எடுக்குறதுன்னு காட்டிட்டு அப்புறம் கூட்டிட்டுப் போறேன்.”

பிணப்பெட்டிக் கடைக்குப் பக்கத்துப் படியில் அவர் ஏறிய சத்தம் கீழேவரை கேட்டது. நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஏறினோம். பொன்னுதுரை நிமிர்ந்து பார்த்தார்.

“மனு குடுக்க வந்திருக்கேன்” என்றார் கலியாணசுந்தரம்.

பொன்னுதுரை எழுந்து நின்றுவிட்டார். குரல் தடுமாறியது. “நாலு சில்லோ?”

“நாலு சில்லுதான். புதுக் கார்.”

“சாப்பாடோ?”

“லட்டு.”

கணேசமூர்த்தி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். வேறொரு கிராணி விசிறினார். கலியாணசுந்தரம் எங்களைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா மரியாதையை என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். பிறகு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒன்றையும் படிக்கவில்லை. பெரிய மனிதர்கள் படிப்பதில்லை.

அவர் பேனாவை மூடியதும் பொன்னுதுரை அந்த மனுவை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அலமாரியைத் திறந்து அப்பாசாமியின் கோப்பை எடுத்தார்.

“ஐயா, மேட்டுப் பரிசோதனை?” என்று அப்பாசாமி பயந்துகொண்டே கேட்டார்.

“அது முடிஞ்சுது.”

“அந்த மலேயா தோசை?”

“எந்தத் தோசை? கோப்பில ஒரு தோசையும் இல்லையே” என்ற பொன்னுதுரை, முத்திரையைத் தூக்கி ஓங்கி ஒரு சாப்பு குத்தினார். கீழே சுத்தியல் சத்தம் நின்றது. தவுக்கே ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். “முதலாம் நம்பர் லைசென்ஸ். கொண்டு போம் அப்பாசாமி. நல்லாயிரும்.”

பிறகு எல்லோரையும் பார்த்து ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார். “இண்டைக்கு எங்கட வாரியத்துக்குப் பெரிய நாள். ஒரு மனு போச்சுது, ஒரு மனு வந்தது. இனி எங்களை ஆரும் கேள்வி கேக்க ஏலாது. நாடு வளருது. நாங்களும் வளருறம்.”

கலியாணசுந்தரம் கை தட்டினார். “சரி, என்னோடது எப்பக் கெடைக்கும்?”

“பரிசீலனையில இருக்கு” என்றார் பொன்னுதுரை, மிகுந்த அன்போடு. “அதுவரைக்கும் உங்கட கார் மலாக்கா எல்லையைத் தாண்டக் கூடாது. நீங்கள் பகல் முழுக்க அதுக்குப் பக்கத்தில நிக்க வேணும்.”

“கார் இல்லாம நான் எப்படிச் சிரம்பானுக்குப் போறது?”

கணேசமூர்த்தி ஏற்கனவே அளவு நாடாவோடு படி இறங்கிப் போயிருந்தார். கீழே தெருவிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

“அஞ்சடி எங்க?”

சுதந்திர நாளன்று காலையில் காஜா பெராங்கில் அப்படி ஒரு கூட்டம். தோட்டத்துச் சனங்கள் புதுத்துணி உடுத்தி, பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, திடலுக்குப் போகிற வழியில் எல்லாம் நிறைந்து நின்றார்கள். அப்பாசாமியின் லோரி தூணுக்குத் தூண் காகிதக் கொடி கட்டிக்கொண்டு நின்றது. அஞ்சடியில் கிழவர்களின் டாம் பலகையை ஓரமாக நகர்த்தி, மேசைகள் போட்டிருந்தார்கள். ஆட்டுக்கும் கழுத்தில் ஒரு கொடி. அப்பாசாமி கல்லில் மாவை ஊற்ற ஊற்ற வட்டமாக வந்தது. லோரி சமதளத்தில்தானே நின்றது. அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்துவிட்டு நானும் ஒரு தட்டை நீட்டினேன்.

பக்கத்தில் கறுப்புக் கார். தச்சர் அதற்குப் பலகை அளந்துகொண்டிருந்தார். பின்பெட்டியில் லட்டு பத்திரமாக இருந்தது. வாரியத்தார் வந்து பரிசோதித்துவிட்டுப் போயிருந்தார்கள். கலியாணசுந்தரம் காரைச் சுற்றி நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார். சும்மா நின்று பழக்கம் இல்லாதவர்.

ருக்மணி ஒருத்தியால் பரிமாறவும் எடுக்கவும் முடியவில்லை. தட்டுகள் குவிந்தன. மேசை காலியாகும் முன்பே அடுத்த ஆள் உட்கார்ந்தார்.

“அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க. கொஞ்சம் ஒத்தாச பண்ணுங்களேன்” என்று ருக்மணி ஒரு துணியை நீட்டினாள்.

கலியாணசுந்தரம் துணியைப் பார்த்தார். எல்லையைத் தாண்ட முடியாத காரைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனார். நீண்ட காலமாகக் கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்ட கை. நடுவில் மட்டும் வட்டமாகத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அப்பாசாமி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தது. பிறகு, பாவம், நல்ல மனிதர், மூடிக்கொண்டு தோசையைத் திருப்பினார்.

ருக்மணி தோசைக்கரண்டியை நீட்டினாள். அஞ்சடியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

“அண்ணே, அந்த ஓரத்துல இன்னும் ஈரம் இருக்கு பாருங்க.”